பன்னிரண்டு அடி ரகசியம்

கவிதாவுக்கும் பிரகாஷுக்கும், நம் கடையில் இந்த மாதம் சேர்ந்திருக்கிற இரண்டு பேருக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் நான் சிவாஜிநகர் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது கவிதாவுக்கு ஒரு போன் வந்தது. யாரோ பெரிய டிஷ் வேண்டும் என்றார். "எட்டடி போதும் சார், நாளைக்கே போட்டுடலாம்" என்று அரை நிமிஷத்தில் சொல்லி வைத்துவிட்டாள். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் எதைப் பார்க்கப் போகிறார் என்று நீ கேட்கவில்லை, கவிதா. கேட்டாலும் சில பேர் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்லாதவரிடம் என்ன செய்வது என்பதை நான் தொம்மலூரில் படாத பாடு பட்டுத் தெரிந்துகொண்டேன். பத்தாவது வரை படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம் அது. தொம்மலூர் பழைய ஊருக்குள், கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சந்தில் சபாபதி சார் வீடு. மாநில அரசு வேலையில், தண்ணீர் சம்பந்தப்பட்ட இலாகாவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக பெங்களூர்த் தமிழர்கள். வீட்டில் அவரும் அவர் மனைவி லோகாம்பாள் அம்மாவும் மட்டும்தான்.

"பெரிய டிஷ் வேணும்" என்றார்.

"எந்த சேனலுக்கு சார்?"

"பொதுவா."

"பொதுவான்னா?"

"ஜெனரலா."

"தமிழா, கன்னடமா, ஸ்போர்ட்ஸா?"

"ஏம்பா மணி, நீ டிஷ் போட வந்தியா, சென்சஸ் எடுக்க வந்தியா?"

நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். முதல் தப்பு அதுதான். வாடிக்கையாளர் பதில் சொல்லாவிட்டால் நாமே ஊகித்துவிடலாம் என்ற திமிர். போதாததற்கு அன்றைக்கு அவரிடம் தொழில் பெருமையும் அடித்துவிட்டேன். "சின்ன டிஷ்ஷுக்கு அடைமழை மாதிரி சிக்னல் வரும் சார், சொம்பு போதும். தூரத்து சேனல் தூறல் மாதிரி. தூறலைப் பிடிக்க அண்டா வேணும். அதுக்குத்தான் பெரிய டிஷ்." இதை அவர் மிகவும் ரசித்துக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டிஷ்ஷுல பாத்தா நாம என்ன பாக்கறோம்னு அந்த சாட்டிலைட்டுக்குக்கூடத் தெரியாது சார்" என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருக்குமேவா?" என்றார். "யாருக்குமே" என்றேன்.

நிறைய இலவச சேனல் வருகிற பக்கமாக ஓர் ஆறடி டிஷ்ஷைத் திருப்பி வைத்தேன். நூற்றுச் சொச்சம் சேனல்கள். அவர் ரிமோட்டை வாங்கி, ஃபைல் பார்ப்பது போல ஒவ்வொன்றாகத் தள்ளினார். பஜனை, பங்குச் சந்தை, ஒட்டக மேய்ப்பு எல்லாம் போயிற்று. கடைசி சேனல் வரைக்கும் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். 

"எது இல்ல சார்?"

"இருக்க வேண்டியது."

அடுத்த நாள் மேற்கே ஒரு சாட்டிலைட்டுக்குத் திருப்பினேன். மறுபடியும் எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்துவிட்டு "இல்ல" என்றார். மூன்றாம் நாள் மாடிக்கே வந்து நின்றுகொண்டு, வயிற்றுவலிக்காரர் வலி இருக்கும் இடத்தை வைத்தியருக்குக் காட்டுவது போல, "கொஞ்சம் கிழக்கால... இன்னும் கொஞ்சம்..." என்றார். கிழக்கே எந்த சாட்டிலைட் என்று கேட்டால் மேகத்தைப் பார்க்கிறார். 

அவர் கீழே போனபிறகு லோகாம்பாள் அம்மா டீ கொண்டுவந்தார்.

"அவரு சொல்ல மாட்டாரு மணி. நான் சொல்றேன், கேட்டுக்க. எங்க பொண்ணு மாலினி இருக்கா இல்ல? கவர்மென்ட் பரீட்சை எழுதி, பாஸாகி, வேலைக்கு ஆர்டரும் வந்துச்சு. அதை அப்படியே வச்சுட்டு, கடல் தாண்டி ஒரு சின்ன தமிழ் சேனல்ல நிகழ்ச்சி பண்றேன்னு போயிட்டா. மூணு வருஷம் ஆச்சு. அன்னைக்கு ஆட்டோவுல பொட்டி ஏத்தறப்ப இந்த சந்தே நின்னு பாக்குது. இவரு வாசல்ல வந்து, 'உன் மூஞ்சிய ஒருநாளும் டிவியில பாக்க மாட்டேன்'னு சத்தம் போட்டாரு. அவ எனக்கு தினம் போன் பண்றா. இவரு பக்கத்து நாற்காலில வந்து உக்காந்து நகம் வெட்டுவாரு. தினமும். ஒரு மனுஷனுக்கு எத்தனை நகம்தான் இருக்கும்?"

"செல்போன்லயே அந்த சேனல் வருமே அம்மா?"

"வருது. நான் அதுலதான் பாக்கறேன். அதுல கீழ எத்தனை பேரு பாக்கறாங்கன்னு நம்பர் காட்டும். நேத்து ஏழு. இவரும் பாத்தா எட்டு ஆயிடுமாம், எட்டாவது ஆளு யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமாம். டிஷ்ஷுல பாத்தா சாட்டிலைட்டுக்கே தெரியாதுன்னு எவனோ சொல்லிட்டுப் போயிருக்கான்."

அந்த எவன் யார் என்று நான் சொல்லவில்லை. டீயைக் குடித்தேன்.

"இன்னொண்ணு" என்றார் அம்மா. "அது போன் பண்ற நிகழ்ச்சி. பாக்கறவங்க போன் பண்ணி வீட்டுல நடந்த நல்ல சேதியைச் சொல்லணும், இவ வாழ்த்துவா. யாரும் பண்றதில்ல. இந்த வாரமும் போன் வரலைன்னா நிகழ்ச்சியை எடுத்துடுவாங்களாம். எடுத்துட்டா அவ இங்கதான் வரணும்."

"சாருக்குத் தெரியுமா?"

"அன்னைக்கு அவரு கால் நகம் வெட்டிட்டு இருந்தாரு. கேட்டிருப்பாரு."

இனிமேல் நான் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. கீழே போனேன்.

"சார், கிழக்கால ஒரு சாட்டிலைட் இருக்கு. அதுல... பொதுவா, சில சேனல் வருது."

"ஜெனரலா?"

"ஜெனரலா சார். ஆனா அதோட வீச்சுல நம்ம ஊரு ஓரம். பலம் கம்மி. எட்டடி போட்டா வரும். மழை காத்துலயும் நிக்கணும்னா பத்து."

"நடுவுல படம் நின்னுட்டா?"

"பத்துல நிக்காது சார்."

"நின்னுட்டா?"

"ரொம்ப பலமா மழை பேஞ்சா ஒரு நிமிஷம்..."

"பன்னெண்டு போடு."

"சார், உங்க சந்தே பத்தடிதான்."

"சந்துல போடச் சொன்னேனா? மாடில போடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா யாருக்கும் தெரியக் கூடாது" என்றார்.

"பன்னெண்டு அடி சார். ஏரோப்ளேன்ல போறவனுக்குத் தெரியும்."

"டிஷ் தெரியட்டும்பா. எதுக்குன்னு தெரியக் கூடாது."

பிள்ளைகளே, டிஷ்ஷின் அளவை எது முடிவு செய்கிறது என்று கேட்டால், சாட்டிலைட்டின் பலம், மாடியின் அகலம், காற்று என்று நாம் சொல்வோம். எல்லாம் சரி. ஆனால் பத்தடிக்கும் பன்னிரண்டு அடிக்கும் நடுவில் இருக்கிற அந்த இரண்டு அடி வாடிக்கையாளரின் பயம். அதை சிக்னல் வரைபடத்தில் தேடாதீர்கள். அதைக் குறைத்துப் பேசி ஜெயிக்கவும் பார்க்காதீர்கள்.

வலை டிஷ் வாங்கினேன். அந்த அகலத்துக்கு முழுத் தகடு போட்டால் காற்று மாடியோடு பிடுங்கிவிடும். வலையாக இருந்தால் காற்று உள்ளே புகுந்து போய்விடும். இதழ் இதழாகக் கொண்டுபோய் மாடியில் கோர்த்தோம். விரிந்து முடிந்தபோது கல்யாண மண்டபத்து ஷாமியானா மாதிரி இருந்தது. சந்தில் இருந்தவர்கள் எல்லாம் கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு நஞ்சுண்டப்பா பால்கனிக்கு வந்தார். அவரும் ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூட வாத்தியார். கன்னடக்காரர், நம்மிடம் கன்னடம் கலந்த தமிழில்தான் பேசுவார். எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். 

"ஏன் சார் இது, இஷ்டு பெருசு?"

சபாபதி சார் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் பார்த்தேன்.

"மழைநீர் சேகரிப்பு" என்றார் சார்.

நான் சொன்ன தூறலும் அண்டாவும் இப்படி முளைத்து வந்து நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? 

"முழுக்க ஓட்டையா இருக்கே?"

"வடிகட்டறதுக்கு."

"ஒரு பக்கமா சாஞ்சிருக்கே சார்?"

"நம்ம பெங்களூர் மழை நேராவா பெய்யுது?"

"நடுவுல கம்பி மேல ஒரு டப்பா வேற?"

"மீட்டர்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நஞ்சுண்டப்பா சிரித்திருப்பார். தண்ணீர் இலாகாவில் முப்பது வருஷம் இருந்தவர் சொல்கிறார். "சூப்பர் சார்" என்று உள்ளே போய்விட்டார். 

மறுநாள் நான் திசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மாடிக்கே வந்துவிட்டார். தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமாம். "பன்னெண்டு பேடா, வேணாம். எட்டடி சாக்கு, போதும். நாங்க ரெண்டே பேருதான்."

முப்பது வருஷத்தில் எனக்கு வந்த இக்கட்டுகளிலேயே இது மாதிரி இன்னொன்று கிடையாது. உண்மையைச் சொன்னால் சாரின் மானம் போகும். சொல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதரிடம் தண்ணீர் பிடிக்க வலை விற்றவன் ஆவேன். நஞ்சுண்டப்பாவின் தோளுக்குப் பின்னால் சார் இரண்டு கையையும் லேசாகக் கூப்பி நிற்கிறார்.

"உங்க மாடிக்கு செட் ஆகாது சார்" என்றேன். "பக்கத்து வீட்டு டேங்க் மறைக்குது."

"மழையை டேங்க் எப்படி மறைக்கும்?"

"இது... கிழக்கு மழை சார்."

நஞ்சுண்டப்பா கிழக்கே பார்த்தார். டேங்க் இருந்தது. "ஓ" என்றார். "ஆனா இது வேலை செய்யறப்ப ஒருவாட்டி நான் பாக்கணும். மழை வரட்டும், வர்றேன்."

சரக்கை விற்காமல் விட்டேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. பொய்யும் சொன்னேன், அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் அடுத்தவர் ரகசியத்தைக் காப்பாற்றப் பொய் சொல்வது ஒன்று, அந்தப் பொய்யை வைத்து வியாபாரம் செய்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு டேங்க் இருந்தது என் அதிர்ஷ்டம்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு சிக்னல் பிடித்தது. அந்த வாரத்தின் கடைசி நிகழ்ச்சி. நான்கு மணிக்குக் கூடத்தில் சார் நாற்காலியில், அம்மா தரையில், நான் டிவிக்குப் பக்கத்தில் ரிமோட்டோடு. சேனல்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். சார் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மஞ்சள் சோபாவும் அதில் ஒரு பெண்ணும் வந்தபோது, "இது என்னமோ தமிழ் மாதிரி இருக்கே, இருக்கட்டும்" என்றார். நான் ரிமோட்டை வைத்துவிட்டேன்.

படம் அவ்வளவு துல்லியம். சபாபதி சாரின் மூக்கு அப்படியே அந்தப் பெண்ணிடம் இருந்தது. 

"வணக்கம் நேயர்களே! உங்க வீட்டு நல்ல சேதிக்காகக் காத்துக்கிட்டிருக்கேன், உடனே கூப்பிடுங்க" என்று சிரித்தாள். போன் வரவில்லை. பூச்செடிகளைப் பற்றி ஏதோ பேசினாள். மறுபடியும் எண்ணைச் சொன்னாள். வரவில்லை. வெளியே இடி இடித்து மழை பிடித்துக்கொண்டது. படம் கொஞ்சமும் தடைப்படவில்லை. 

கதவு திறந்தே இருந்ததால் நஞ்சுண்டப்பா குடையோடு நேராகக் கூடத்துக்குள் வந்துவிட்டார். "சார், மழை வந்துட்டுது! தண்ணி எந்தப் பக்கம் வருது, தோர்சி, காட்டுங்க..." என்றவர் டிவியைப் பார்த்தார். "ஏ! இது நம்ம மாலினி அல்வா, மாலினிதானே!"

"யாரு? எங்க?" என்றார் சார்.

"அங்கதானே இருக்கா, சோபாவுல!"

"அப்படியா? எனக்கு சரியாத் தெரியல."

பன்னிரண்டு அடி டிஷ்ஷை நானே போட்டுவிட்டு, தெரியவில்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஆறு நிமிஷம் ஆயிற்று. மாலினி பேனாவை மேசை மேல் நேராக வைத்தாள். பிறகு குறுக்கே வைத்தாள். "லைன் எல்லாம் ஃப்ரீயாத்தான் இருக்கு" என்றாள். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதை அவள் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"நீ பண்ணேன்" என்றார் சார், மனைவியிடம்.

"நான் பண்ண மாட்டேன். என் குரல் அங்க எல்லாருக்கும் தெரியும். போன வாரம் ரெண்டு தடவை மரகதம், மங்கைன்னு பேரை மாத்திப் பேசிட்டேன். இனிமே எடுக்க மாட்டாங்க."

"யாருமே பண்ணலைன்னா?"

"நிகழ்ச்சிய எடுத்துடுவாங்க. அவ திரும்பி வந்துடுவா. நீங்க அதைத்தானே மூணு வருஷமா கேட்டீங்க? இன்னும் பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருங்க, உங்க இஷ்டப்படி ஆயிடும்."

என் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். கவிதா பத்தாவது பாஸ் பண்ணினதையாவது நல்ல சேதி என்று சொல்லியிருக்கலாம். கையைப் பைக்குக் கொண்டுபோனேன். லோகாம்பாள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கையை எடுத்துவிட்டேன். புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் எல்லாமே நம் கையால் சரியாக வேண்டியதில்லை. படம் வந்துவிட்டதென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் வேலைதான். எனக்கு அந்த டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியதைவிட அது கஷ்டமாக இருந்தது.

சார் எழுந்தார். போனை எடுத்தார். திரையில் கீழே எண் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமலே கடகடவென்று அமுக்கினார். எத்தனை நாளாக அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தாரோ!

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். போனில் குரல் உடனே போய்விடும். படம் மேலே போய்க் கீழே வருவதற்குள் நாலைந்து விநாடி பிந்தும். அதனால் போனில் ஒரு மாலினியும் திரையில் கொஞ்சம் பழைய மாலினியுமாக இரண்டு பேர் இருந்தார்கள்.

"வணக்கம்! பேசுங்க, யார் பேசறீங்க?" என்று போனுக்குள் கேட்டது எங்களுக்கே காதில் விழுந்தது. திரையில் அவள் இன்னும் பேனாவை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

சார் தொண்டையைக் கனைத்தார். ஆபீஸ் குரலில், "நான் நஞ்சுண்டப்பா பேசறேன்" என்றார்.

"நானா?" என்றார் நஞ்சுண்டப்பா உரக்க.

"எங்கேயிருந்து பேசறீங்க சார்?"

"தொம்மலூரு. பெங்களூரு."

"டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க சார்" என்றாள். நான் குறைத்தேன். சத்தம் குறைந்த அந்த நேரம் பார்த்து நஞ்சுண்டப்பா, "சபாபதி சார், என் பேரை ஏன் சொல்றீங்க?" என்றார். அது தெளிவாகக் கடல் தாண்டிப் போயிருக்கும்.

போனில் ஒன்றும் கேட்கவில்லை. திரையில் அவள் சந்தோஷமாக, "எங்கேயிருந்து பேசறீங்க சார்?" என்று வாயசைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் அந்த முகத்தையே பார்த்தோம். அவளுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது, எங்களுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பிறகு வந்தது. சோபாவில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, பேனாவைக் கீழே வைத்து, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க... நஞ்சுண்டப்பா சார்" என்றது போன். "உங்க வீட்டுல என்ன நல்ல சேதி?"

சாருக்கு சேதி ஒன்றும் தயாராக இல்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டிஷ் போட்டிருக்கோம்" என்றார். "பன்னெண்டு அடி."

"பன்னெண்டு அடியா? எதுக்கு சார் அவ்வளவு பெருசு?"

"பொதுவா."

லோகாம்பாள் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். 

"எங்க நிகழ்ச்சி அதுல தெளிவாத் தெரியுதா சார்?"

"தெளிவா இருக்கு." திரைக்கு இன்னும் பக்கத்தில் போனார். "ஆனா நீ... நீங்க கொஞ்சம் எளச்சாப்ல தெரியறீங்க."

"அது உங்க டிஷ்ஷோட கோளாறா இருக்கும் சார். நான் மூணு வேளையும் நல்லா சாப்பிடறேன்."

சார் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கண் இரண்டும் ததும்பியிருந்தது. ஆனால் குரல் கண்டிப்பாக வந்தது. 

"டிஷ் கோளாறுங்கறாளே, மணி?"

அந்த டிஷ்ஷில் ஒரு நூல் அளவு பிசகு கிடையாது. வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் சிக்னல் மீட்டரை வைத்து நிரூபித்திருப்பேன். 

"இருக்கும் சார். நீங்க பேசிட்டிருங்க, நான் மேல போய்ப் பாக்கறேன்" என்றேன். "நஞ்சுண்டப்பா சார், குடையை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க."

இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். கொட்டுகிற மழையில் அரைமணி நேரம், நான் ஸ்பேனரைப் பிடிக்க அவர் குடையைப் பிடிக்க, சரியாக இருந்த டிஷ்ஷைச் சரி செய்துகொண்டு நின்றோம்.